நிக்கானோரின் இடது கண்

சுற்றுலாக் கப்பலிலிருந்து கூட்டம் இறங்கத் தொடங்கியபோதே நிக்கானோருக்கு இடது கண் அரித்தது.

வெயில் என்று நினைத்தான். தலையில் தொப்பி இல்லை. காலையில் மனைவி இர்மா முள்சீத்தா ஐஸ் கேட்டதற்கு, "எனக்குச் சோலி கெடக்கு, நீயே போய் வாங்கிக்க" என்று கத்திவிட்டுக் கிளம்பிய வேகத்தில் மறந்துவிட்டான். பதினோரு வருடமாக அந்த வீட்டில் இரண்டே பேர். சண்டையை விலக்க மூன்றாவது ஆள் கிடையாது. நடுச்சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் இருக்கும் நான் என்ன செய்ய?

அவனுடைய மூன்று சக்கர மிதிவண்டியில் 'மெதுவான உலா' என்று எழுதியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும். நிழலில் ஒரு சுற்று, ஆழமில்லாத கடலில் கால் நனைப்பு, தென்னைக்கடியில் வலைத்தொட்டிலில் ஒரு குட்டித்தூக்கம். கோசுமெல் தீவில் இதைவிடச் சோம்பலான பிழைப்பு இல்லை. ஒரே கண்டிப்பு, நாலு மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். போன மாதம் ஒரு தாத்தாவைத் தூங்கவிட்டு, கப்பலைக் கோட்டைவிட்டான். இன்னொரு தடவை நடந்தால் வண்டியின் அனுமதியைப் பிடுங்கிவிடுவதாகத் துறைமுகச் சங்கம் சொல்லியிருந்தது.

இன்றைக்கு வந்தது ஐந்து மாத வயிற்றோடு பெய்ஜ். கூடவே கைத்தடியோடு அவள் மாமனார் வெண்டல், வயது எண்பது.

சந்தை முனையில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயை பெய்ஜ் திரும்பிப் பார்த்தாள். நிக்கானோருக்குக் கண் மறுபடி அரித்தது. அப்போதுதான் உறைத்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதை மறுத்தவனுக்குக் கண்கட்டி வரும். எங்கள் ஊரில் இது தெரியாதவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

"மாங்கா வேணுமாம்மா?"

"இல்லைங்க, சும்மா பார்த்தேன்."

"பார்த்துட்டீங்கல்ல, போதும்!" வாங்கி மடியில் வைத்தான்.

அரிப்பு நிற்கவில்லை. அப்படியானால் இன்னும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பாலாடைக்கட்டி துருவிப்போட்ட மொறுமொறுச் சுருளைப் பார்த்தாள்; வாங்கினான். இளநீரைப் பார்த்தாள், வெட்டச் சொன்னான். ஒரு வீட்டுக் கிளியைப் பார்த்தாள். அந்த வீட்டுக்காரியிடம் விலை பேசப் போய், விளக்குமாற்றைப் பார்த்துத் திரும்பினான்.

"நீ பாரும்மா, நான் சாப்பிடுறேன்" என்றார் வெண்டல், வாய் நிறையச் சுருளோடு.

இனி எதையுமே பார்ப்பதில்லை என்று பெய்ஜ் கண்களை மூடிக்கொண்டாள். அதுவும் வினையாயிற்று.

"தூங்க ஆசைங்களா?" என்று நேராகத் தென்னந்தோப்புக்கு மிதித்தான்.

வலைத்தொட்டில் மெல்ல ஆடியது. கடல் கரையைத் தொடலாமா என்று கேட்டுக் கேட்டு வந்தது. தூரத்தில் கப்பல், யாரோ மறந்துவைத்த வெள்ளைக் கனவுபோல் மிதந்தது. ஓலை நிழல் பெய்ஜின் வயிற்றில் ஏறி இறங்கியது. உள்ளே இருந்ததும் தூங்கியிருக்கும்.

மணி மூன்று நாற்பது.

"எழுப்பேன்யா!" என்றார் வெண்டல்.

"நான் மாட்டேன் பெரியவரே. தூக்கத்தை மறுத்தா அதுவும் மறுத்ததுதான். ஏற்கெனவே பாதிக் கண்ணு மூடிக்கிச்சு."

"அப்ப நான் எழுப்புறேன்." எழுந்தார், மாங்காயும் சுருளும் இளநீரும் அவரை மறுபடி உட்காரவைத்தன.

கப்பல் ஊதியது. பெய்ஜ் துள்ளி எழுந்தாள்; நேரத்தைப் பார்த்தாள்; நிக்கானோரைப் பார்த்தாள். நாள் முழுக்கப் பட்டது வீண்போகவில்லை, அவளுக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது.

"எனக்கு அந்தக் கப்பல் மேல ஆசையா இருக்கு. இப்பவே வேணும்!"

மெதுவான உலா அன்றுபோல் என்றும் பறந்ததில்லை. மேல்தளத்தில் ஜனம் கைதட்டியது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு இருவரும் ஏறினார்கள். அனுமதி பிழைத்தது.

கண் பிழைக்கவில்லை. வீடு வந்தபோது அது எலுமிச்சம்பழமாகியிருந்தது. வாசலில் இர்மா தானே போய் வாங்கிவந்த ஐஸை வழித்துக்கொண்டிருந்தாள். நான் என் செடிகளுக்கு மூன்றாவது முறையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ளைத்தாய்ச்சி கண்ணுல பட்ட ஒண்ணைக்கூட நான் மறுக்கலையே, இர்மா! அப்புறம் எப்படி இந்தக் கட்டி?"

இர்மா கரண்டியை நக்கினாள்.

"அவளுக்கு மறுக்கலை. காலையில ஐஸ் கேட்டவளுக்கு மறுத்தியே, அவளுக்கும் ரெண்டு மாசம்."