உதறல் அண்ணாச்சியின் வலது கை

கையைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. கையைக் காட்டியே ஒரு பஸ்ஸைக் காலியாக ஓட வைத்தவர் பூலோகத்தில் எங்கள் உதறல் அண்ணாச்சி ஒருத்தர்தான்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர். நான் ஏறும் கூமாப்பட்டி பஸ்ஸில் அவர் கண்டக்டர். டிக்கெட் கிழித்துக் கிழித்தோ என்னவோ, அவருடைய வலது கை அடிக்கடி மரத்துப்போகும். உடனே படியில் நின்றபடியே, தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி உதறுவார். நிறுத்தத்தில் நிற்பவர்கள் இடமில்லை என்கிறார் போலும் என்று ஒதுங்கிவிடுவார்கள். கூமாப்பட்டியில் ஒரு அக்கா மட்டும் தினமும் பதிலுக்கு டாட்டா காட்டுமாம்.

ஒருநாள் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாணக் கூட்டமே ஒதுங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார் முதலாளி.

அண்ணாச்சி பயணிகளிடமே வைத்தியம் கேட்டார். முன்சீட்டு வேப்பெண்ணெய் என்றது. பின்சீட்டு தவிட்டு ஒத்தடம் என்றது. ஒரு வாரம் எங்கள் டிக்கெட்டெல்லாம் வேப்பெண்ணெய் வாடை.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஒருவர், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று கண்டுபிடித்தார். ராத்திரி கை மடங்காமலிருக்க ஒரு கட்டு, பிறகு ஓர் ஊசி. கொஞ்ச நாள் தேவலை. மறுபடி மரத்து, சில்லறை விரலில் நிற்காமல் நழுவியதும், இனித் தள்ளிப்போட்டால் பிடிமானமே போய்விடும், ஆபரேஷன்தான் என்றுவிட்டார்.

“கைய எடுத்துருவீகளா?”

“நரம்பை அமுக்குற தசைநாரை மட்டும் வெட்டி விடுவேன். கையை மட்டும் மரத்துப்போக வைப்போம், நீங்க முழிச்சிருக்கலாம்.”

“மரத்துப்போகுதுன்னுதான டாக்டர் உங்ககிட்ட வந்தேன்?”

ஆபரேஷன் அன்று பயத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ராஜபாளையத்திலிருந்து ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாராம். எங்கள் பஸ்ஸில் வரும் நர்ஸ் சொன்னது. வத்திராயிருப்பு தாண்டுவதற்குள் தையலே போட்டு முடித்தாயிற்று. நர்ஸம்மா தோளைத் தட்டி, “அண்ணாச்சி, கூமாப்பட்டி வந்துருச்சு, எறங்குங்க” என்றிருக்கிறார்.

மரப்பு போய்விட்டது. கை ஆறும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள், அவரால் முடியவில்லை. கட்டுப்போட்ட கையோடு மூன்றாம் நாளே பயணியாக ஏறி, புதுக் கண்டக்டருக்கு யார் எங்கே இறங்குவார்கள் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

நான் எழுந்து என் ஜன்னலோர சீட்டைக் கொடுத்தேன். அதை நான் எங்கள் அப்பாவுக்கே கொடுத்ததில்லை.