மாப்பிள்ளை ஓட்டி வந்த வேன்

தன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை எதில் வேண்டுமானாலும் போகலாம். மாட்டு வண்டி, பஸ், சைக்கிள் கேரியர், எதுவும் இல்லையென்றால் நடந்துகூடப் போகலாம். வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு மட்டும் போகக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். எல்லாரும் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. பட்டாளத்து ஏலத்தில் யாரோ எடுத்து, அவரிடம் இன்னொருவர் வாங்கி, கடைசியில் என் தலையில் வந்து விடிந்த ஒரு பழைய பிக்கப் வேன் என்னிடம் இருந்தது. மல்லாங்கிணற்றில் எங்கள் அப்பாவுக்கு மானாவாரிக் காடு. மழை வந்தால் பருத்தி, வராவிட்டால் பெருமூச்சு. எனக்கு அந்தக் கவலை இல்லை, வேன் இருந்தது. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் லோடு ஏற்றி, விருதுநகர் ரயில்வே ஸ்டேஷனில் இறக்குவேன். ஊருக்குள் ஹாரன் அடிக்காமல் போக மாட்டேன். (குறுக்கே யாராவது வரவேண்டும் என்பதில்லை.)

பட்டாசுக் கம்பெனி கேட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. சைலன்சர் வாயில் கம்பி வலை இல்லாத வண்டி உள்ளே போக முடியாது. ஒரு பொறி பறந்தால் போதுமே, அப்புறம் சொல்வதற்கு ஆள் இருக்காது. நானும் ஒரு வலை போட்டிருந்தேன். வாட்ச்மேன் ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு, ஓட்டை பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே வீட்டுக்குப் போய் அம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்தேன். வலையை மட்டும் பிரித்து, நாலாக மடித்து, கடப்பாரையால் சைலன்சருக்குள் இடித்து ஏற்றினேன். மறுநாள் வாட்ச்மேன் பார்த்துவிட்டுப் பாராட்டினார். புகை என்று ஒன்று வெளியே வர வேண்டுமே என்ற யோசனை எங்கள் இருவருக்கும் வரவில்லை. அம்மா சல்லடையை மாதக்கணக்கில் தேடினாள். எலி இழுத்துப் போயிருக்கும் என்று நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

அந்த நிலையில்தான் கல்யாணம் கூடியது. பெண் ஆனைக்குட்டம், பெயர் செல்லக்கனி. வீட்டோடு எல்லாரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள், அவளும்தான். பெண் பார்க்கப் போன அன்று அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. என் கால் கட்டைவிரலை வேண்டுமானால் அவளுக்கு அடையாளம் தெரியும். அவளுடைய பெரியப்பாவுக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எந்தக் காரியத்துக்கு நேரத்துக்கு வந்திருக்கிறான் என்று கேட்டவர் அவர். கல்யாணம் பெண் வீட்டுப் பந்தலில், ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில். அதை விட்டால் ஆடி. ஆடி போனால் தீபாவளி சீசன், கம்பெனி ஆட்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதற்குள் பெரியப்பா வேறு மாப்பிள்ளையே பார்த்துவிடுவார். ஆகவே நான் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அது ஒன்றுதான் என் வேலை.

விடியும்போதே பட்டுச் சட்டையோடு ஸ்டியரிங் பிடித்தேன். பின்னால் சொந்தபந்தம் முழுக்க. விருதுநகர் தாண்டியதும் வண்டிக்கு மூச்சு வாங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. பருத்தி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. போகிறவர் சும்மா போகாமல், கயிறு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பனியனோடு பானெட்டுக்குள் தலையை விட்டேன். பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன். பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சினேன். (கல்யாண நாளில் முதலில் இனிப்பாக எதையாவது வாயில் போட வேண்டும் என்பார்கள். எனக்குப் பெட்ரோல்.) முகம், கழுத்து, பனியன் எல்லாம் கரி. கோளாறு வண்டியின் வாலில் இருக்க, நான் மூக்கைக் குடைந்துகொண்டிருந்தேன். என் தாய்மாமா இது திருஷ்டிதான் என்று முடிவு கட்டி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். தன் தலையை இல்லை, என் தலையை.

ஏற்றம் வந்த இடமெல்லாம் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். வேட்டிகள் முழங்காலுக்கு மேல் ஏறின. சித்தி ஒரு கையில் சீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினாள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனைக்குட்டத்துக்குள் நுழையும்போது முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. பந்தல் வாசலுக்குச் சற்று முன்னால் வண்டி இருமி நின்றது. தள்ளி வந்தவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். நான் இறங்கி நடந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வேனில் வந்து பந்தல் வாசலில் இறங்க வேண்டாமா? மறுபடி ஸ்டார்ட் செய்து, அடிவரை மிதித்தேன்.

எரியாமல் சைலன்சருக்குள் தேங்கிக் கிடந்த பெட்ரோல் புகை முழுவதும் ஒரே மூச்சில் வெடித்தது.

எங்கள் ஆட்கள் மகிழ்ந்துபோனார்கள். பட்டாசு ஊரில் மாப்பிள்ளைக்கு வேட்டு போட்டு வரவேற்கிறார்கள் என்று நினைத்து மாமா மீசையைத் தடவினாராம். பந்தலில் இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. சத்தம் கேட்டால் முதலில் ஓடு, பிறகு என்னவென்று பார் என்பது அவர்கள் பழக்கம். கம்பெனியில் உயிர் பிழைப்பது அப்படித்தான். கண்மூடித் திறப்பதற்குள் பந்தல் காலி. நாதஸ்வரம் பாயில் தனியாகக் கிடந்தது. பெரியப்பா காட்டுக்குள் எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

வண்டிக்குள் ஒரே புகை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. வளையல் குலுங்க ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"எறங்குங்க அண்ணாச்சி. வண்டி பத்திக்கிரும், ஓடியாங்க."

பட்டுச் சேலையும் மாலையுமாக செல்லக்கனி. என்னைக் கீழே இழுத்துப் போட்டு, கரிசல் காட்டில் ஒரு உடை முள்மரத்தடிவரை இழுத்துக்கொண்டே ஓடினாள். என் வேட்டியில் பாதி முள்ளில் நின்றுவிட்டது. மூச்சு வந்த பிறகு, நான்தான் மாப்பிள்ளை என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தாள். அப்புறம்தான் நம்பினாள். உடனே என் கையை விட்டுவிட்டாள்.

சனம் ஒவ்வொன்றாகக் கூடியது. கடைசியில் அம்மா, கரி பிடித்த ஒரு கம்பி வலையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டிக்குப் பின்னால் கிடந்ததாம்.

"ஏலே, இது என் மாவுச் சல்லடைல்ல?"

நான் வானத்தைப் பார்த்தேன். எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. அதற்குள் கூட்டத்தில் ஒருவர் புதுப் பிரச்சினையைக் கிளப்பினார். பெண் மாப்பிள்ளையை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டாளே, அண்ணன் தாலி கட்டலாமா? அங்கே ஒரு சலசலப்பு. எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பனியன், கரி, அரை வேட்டி. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"நாம அம்புட்டுப் பேரும் வண்டியப் பாத்துப் பயந்து ஓடுனோம். இவ ஒருத்திதான் வண்டிகிட்ட ஓடுனா," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணாச்சின்னது டிரைவரை. தாலி கட்டப் போறது மாப்பிள்ளை. நேரம் இருக்கு, இங்கனயே கட்டச் சொல்லுங்க."

உடை மரத்தடியில், கழுத்தில் மாட்டியபடியே ஓடிவந்திருந்த தவில் மட்டும் முழங்க, கரிக் கையால் தாலி கட்டினேன். மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சும் கருப்பு.

மறுவீடு போனபோதுதான் அவளிடம் கேட்டேன். எல்லாரும் ஓடும்போது நீ மட்டும் ஏன் வந்தாய் என்று.

"உள்ள ஒரு ஆளு இருந்தீகள்ல," என்றாள். கொஞ்சம் கழித்து, "கம்பெனியில வெடிச்ச அன்னைக்கு எங்க அத்தைய யாரும் திரும்பிப் பாக்கல," என்றாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் கோபமாகக் கத்தினால் அடுப்படியிலிருந்து "சரிங்க அண்ணாச்சி" என்று ஒரு குரல் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள், புதிதாக வந்த மருமகள் திருதிருவென்று விழிப்பாள், யாராவது அவளுக்கு இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார்கள். அந்த அண்ணாச்சிப் பட்டத்தை நான் மறுப்பதே இல்லை. மாப்பிள்ளை என்று தெரிந்து இழுத்திருந்தால் அது வேறு. யாரோ ஒரு டிரைவர் என்று நினைத்துத்தானே அவள் புகைக்குள் கையை நீட்டினாள்.