சாகாத சிவப்புச் சிப்பாய்

சில ஆண்களை வீடியோ கேம் மெஷின் பக்கம் விடவே கூடாது. அதில் நான் முதல் ஆள். என் மகள் நித்யாவின் கல்யாணமே என் கட்டைவிரலால் நின்றுபோகப் பார்த்தது.

அவள் காதலித்தது கூடப் படித்த பையனை. பையன் இப்போது பாரிசில் வேலை பார்க்கிறான். அவனுடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு, பென்ஷனும் மெடலுமாகத் திரும்பியவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். பையனுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்பதால் அவருக்கு எங்கள்மேல் ஒரே ஒரு சந்தேகம்: 'இவங்க மாப்பிள்ளைக்கு வர்றாங்களா, பாஸ்போர்ட்டுக்கு வர்றாங்களா?' (சந்தேகத்தில் தப்பே இல்லை. ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்குத்தான் வந்தார்கள்.)

பெண் பார்க்க வருவதற்கு முன் பொது இடத்தில் ஒருமுறை பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு குடும்பமும் ஒரு மாலில் சந்திக்க ஏற்பாடு. கிளம்பும்போதே நித்யா சொல்லிவிட்டாள்.

"அப்பா, அவங்கப்பாகிட்ட எதுவும் கேக்காத. காபி வாங்கித் தந்தாகூட வேணாம்னுடு. சிரி, அது போதும்."

"நான் என்னம்மா சின்னப் புள்ளயா?"

பெண்கள் காபிக் கடையில் உட்கார்ந்துவிட, அப்பாக்கள் இருவரும் பேச விஷயம் இல்லாமல் நடந்தோம். அங்கேதான் அந்தப் பழைய மெஷின் நின்றது. நீலச் சிப்பாயும் சிவப்புச் சிப்பாயும் காட்டுக்குள் சேர்ந்து போய் எதிரிகளைச் சுடுகிற ஆட்டம். அந்தக் காலத்து முத்தியால்பேட்டை கேம் கடையில் நான் புலி (என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்).

"ஆடலாமா சார்? பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்."

நிஜப் போரைப் பார்த்தவரிடம், கொசு அடிக்கிற பேட்டைத் தவிர வேறு ஆயுதம் தொடாத ஒரு கிளார்க் கொடுத்த தைரியம் இது.

அவர் நீலம். குனிந்து, பதுங்கி, நிதானமாகச் சுட்டார். நான் சிவப்பு. ஓடினேன், குதித்தேன், வாயாலும் சுட்டேன். ஆளுக்கு மூன்று உயிர். முதல் பாலத்தைத் தாண்டுவதற்குள் என்னுடையவை தீர்ந்தன. சும்மா கிடந்த ஒரு பட்டனைத் தட்டினேன். என் சிப்பாய் எழுந்து நின்றான்! மறுபடி செத்தேன், மறுபடி தட்டினேன்.

"அலே, அலே! பாத்துப் போங்க முசியே!" என்று பிரெஞ்சு கலந்து அதட்டினார் சொல்தா.

"எனக்கென்ன சார், சாவே கெடையாது!"

கொஞ்ச நேரத்தில் நீலச் சிப்பாய்மேல் ஒரே ஒரு குண்டு பட்டது. அவ்வளவுதான், ஆள் காலி. சொல்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். நான் அவர் தோளைத் தட்டினேன். (ஆமாம், தட்டினேன்.)

"என்ன சார், மிலிட்டரில இதெல்லாம் சொல்லித் தரலியா?"

பின்னாலிருந்து, எங்களைத் தேடி வந்த நித்யாவின் குரல் கேட்டது.

"அப்பா... அந்தப் பட்டன தட்டினா அவரோட உயிர்லேருந்து ஒண்ணு எடுத்துத்தான் உனக்குக் குடுக்கும்."

எதையும் கேட்காதே என்றாள். நான் கேட்கவில்லை. கேட்காமலே எடுத்திருக்கிறேன்.

காபிக் கடைக்குத் திரும்பினோம். விஷயம் தெரிந்ததும் என் மனைவி பார்த்த பார்வைக்கு எந்த மெஷினிலும் மறுபிறவி இல்லை. சொல்தா காபியைத் தொடவில்லை.

"முசியே, அந்தப் பட்டன் என்னான்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"சத்தியமா தெரியாது சார்."

"ஸ்கிரீன்ல என் உயிர் கொறையுதே, அதக்கூட பாக்கலியா?"

"நான் என்னையே பாத்துக்கிட்டு இருந்தேன் சார்."

சொல்தா மேசை அதிரச் சிரித்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

"அடியே, கவலய வுடு. எடுத்ததே தெரியாத ஆளு இவரு. இவராவது திட்டம் போட்டு பாஸ்போர்ட்டுக்கு வர்றதாவது! நல்ல நாள் பாரு."

ஆக, என் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றியது என் நேர்மை அல்ல, என் மக்கு மண்டை.

நித்யா இப்போது பாரிசில் இருக்கிறாள். எனக்கும் ஒருமுறை போய்ப் பார்க்க ஆசைதான். அதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் கடைசி வஞ்சிர மீன் துண்டை நோக்கி என் கை நகர்ந்தாலே, "பட்டன தட்டிட்டாருய்யா!" என்று மொத்த மேசையும் கத்துகிறது. சம்பந்தி தன் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிறார்.