வாகன நிறுத்தத்துக்கு மாற்றப்பட்ட பிரேக்

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக முழுசாக நம்பியதில்லை. சொன்னவள் எனக்குத் தங்கை முறை. மூளை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் விஞ்ஞானி. பொய் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் ஒரு இடம் மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது.

எலி மூளையிலிருந்து சீவியெடுத்த மெல்லிய துண்டுகளை வருஷக்கணக்காகச் சேர்த்து, ஒரு பழைய உறைபெட்டியில் வைத்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பெட்டி இரும ஆரம்பிக்கும். அது நின்றால் துண்டுகள் உருகும். துண்டுகள் உருகினால் அவள் பாதி ஆயுள் உருகிப்போகும். புதுப் பெட்டி கேட்டு அவள் அனுப்பிய கோப்பு நிர்வாக மேலாளரிடம் இருந்தது. நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பிரேக்.

"அண்ணே, என் கோப்பு என்ன ஆச்சு?"

"பத்திரமா இருக்கும்மா. பழைய பெட்டி ஓடுதா?"

"இருமிக்கிட்டே ஓடுது."

"அப்போ உயிரோட இருக்கு. உயிரோட இருக்கறதுக்கு எப்படிம்மா மாத்து குடுக்கறது? செத்ததும் வா."

நிலையத்தின் இயக்குநர் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரு புதிய நிர்வாக முறையோடு திரும்பி வருகிறவர். ஒருமுறை நாற்காலிகளை எடுத்தார். ஊழியர்கள் நின்றுகொண்டே தூங்கப் பழகினார்கள். இன்னொரு முறை, ஒளிவுமறைவற்ற நிர்வாகத்தை முன்னிட்டு எல்லாக் கதவுகளையும் கழற்றினார். கழிவறைக் கதவு மட்டும் பெருவாரியான கோரிக்கையின் பேரில் திரும்பி வந்தது. அந்த வருஷம் அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சொந்த நிலையத்திலேயே கேட்டுப் பார்ப்போம் என்று அவளைப் பேசச் சொன்னார்.

கையில் ரிமோட்டோடு திரைக்கு முன்னால் நின்றாள். முன்வரிசையில் பிரேக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நரம்பு செல் இன்னொண்ணோட பேசற இடம்தான் சினாப்ஸ். அங்க புரதம் தேவைப்பட்டா, எங்கயோ இருக்கற உட்கருவுக்குச் சொல்லியனுப்பிக் காத்துக்கிட்டிருக்க வேண்டியதில்ல. புரதம் செய்யற குறிப்போட நகல் முன்னாடியே அங்க வந்து கிடக்கு. தகவல் வந்ததும் அங்கயே தயாரிச்சுக்கும்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேலிடத்தைக் கேக்காமலா?"

"கேக்காம."

"கோப்பு?"

"கிடையாது சார்."

அடுத்த படத்தில்தான் விஷயத்தின் மறுபாதி இருந்தது. அந்த நகல்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு தடைப் புரதம் உட்கார்ந்திருக்கும். உண்மையான தகவல் வந்தால்தான் எழுந்திருக்கும். வேலை முடிந்ததும் மறுபடி உட்காரும். அது இல்லாவிட்டால் யாரும் கேட்காமலே புரதம் உற்பத்தியாகும். உற்பத்தியானது இன்னும் உற்பத்தியைத் தூண்டும். கடைசியில் எந்தச் சத்தம் தகவல், எந்தச் சத்தம் வெறும் சத்தம் என்று செல்லுக்கே தெரியாமல் போகும்.

அந்தப் படம் திரைக்கு வரவேண்டிய நேரம் பார்த்து புரொஜெக்டர் அணைந்துவிட்டது.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றார் இயக்குநர்.

"முக்கியமானதைச் சொல்லிட்டேன் சார்."

மறுநாளே சினாப்ஸ் நிர்வாக முறை அமலுக்கு வந்தது. மேஜைக்கு ஒரு கட்டு வீதம், கையெழுத்திட்ட வெற்று உத்தரவுகள் வழங்கப்பட்டன. தகவல் வந்தால் மேஜையே உத்தரவைத் தயாரித்துக்கொள்ளும். பிரேக், "அன்னாரின் நீண்டகால அனுபவத்தைக் கருத்தில்கொண்டு" வாகன நிறுத்தத்துக்கு மாற்றப்பட்டார். அவளுடைய உறைபெட்டிக்கு, அவள் டீ குடித்து முடிப்பதற்குள் உத்தரவு கிடைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இயக்குநரின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள்.

பெட்டி வந்தது. வந்த தகவலைப் பண்டகசாலை மேஜை கணக்கு மேஜைக்குச் சொன்னது. உறைபெட்டி என்று காதில் விழுந்ததும் கணக்கு மேஜை ஒரு பெட்டிக்கு உத்தரவு போட்டது. அது வந்த தகவல் மற்ற மேஜைகளுக்குப் போனது. தாழ்வாரம் நிறையப் பெட்டிகள் நின்றன. உத்தரவு போட ஆள் போதவில்லை என்று உத்தரவு போடுகிறவர்களை நியமிக்க உத்தரவு வந்தது. யாரோ தும்மினார், சாயங்காலத்துக்குள் நிலையத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் சொந்தமாயிற்று. மின்சார மேஜை, வந்த பெட்டிகளையெல்லாம் வரிசையாகச் செருகிக்கொண்டே போனது. விளக்குகள் மங்கின.

அவள் வாகன நிறுத்தத்துக்கு ஓடினாள்.

"அண்ணே, யாராவது வேணாம்னு சொல்லணும்."

"அந்த வேலையத்தான் ஒழிச்சுட்டாங்களேம்மா."

"கேட்டுல இன்னொரு லாரி பெட்டியோட நிக்குது."

"லாரியா?" அவர் மெல்ல எழுந்தார். "வண்டின்னா அது என் பிரிவு." போய்க் குறுக்கே நின்றார். அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டிருந்தது.

லாரி நின்றது. ஆனால் உள்ளே அதற்குள் மின்சாரமும் நின்றுவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வேண்டிய மேஜையோ நாற்காலி வாங்கிக்கொண்டிருந்தது. துண்டுகள் புதுப் பெட்டிக்குள்ளேயே உருகிப்போயின. அவள் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணைக் குழு கூடியது. மறுபாதி சொல்லப்பட்டிருந்தால் இந்த அசம்பாவிதம் நேர்ந்திருக்காது. புரொஜெக்டர் அணைந்ததால் சொல்லப்படவில்லை. ஆகவே குற்றவாளி புரொஜெக்டரே என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அதைப் பணியிடைநீக்கம் செய்து அலமாரியில் பூட்டினார்கள். மேஜைக்கு ஒரு பிரேக் நியமிக்கப்பட்டார். பழையவர் தலைமை பிரேக் ஆனார். புதுப் பெட்டிகள் செருக அனுமதி கிடைக்காமல் தாழ்வாரத்தில் நிற்கின்றன. ஊழியர்கள் அவற்றின் மேல் சாப்பாட்டுப் பையை வைக்கிறார்கள்.

நானும் அலுவலகத்தில் தலை நரைத்தவன். தும்மலுக்கு வந்த ஆம்புலன்ஸை நம்புகிறேன். புரொஜெக்டருக்குக் கிடைத்த பணியிடைநீக்கத்தையும் நம்புகிறேன். அதைவிட மோசமானவற்றில் நானே ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெட்டிக்காக அப்படி அலைந்து, கையில் ரிமோட்டும் இருந்து, எதிரில் பிரேக்கும் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்ததுண்டு. பிடித்தமான பதில் கிடைத்ததில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். டீயைக் கொடுத்துவிட்டு, ஒருவழியாகக் கேட்டேன்.

"ஏம்மா, அந்த புரொஜெக்டர் தானாவா அணைஞ்சுது?"