நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் இருந்தேன்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பதிப்பகமும் நலமாகத்தான் இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தங்கள் பதிப்பகம்.

தாங்கள் சென்ற மாதம் வெளியிட்ட தன்வரலாற்றை எழுதியவளின் கணவன் நான். தையல்காரன். இப்படிச் சொன்னால்தான் தங்களுக்குத் தெரியும், ஏனென்றால் புத்தகத்தில் நான் இல்லை. அவள் படித்த நாவல்கள் இருக்கின்றன, அண்ணனோடு போட்ட சண்டைகள் இருக்கின்றன, ஆட்சி கவிழ்ந்த கதை இருக்கிறது, எங்கள் பூனைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு வரி: "கணவர் தும்மினார்." தும்மினேன், இல்லையென்று சொல்லவில்லை. அதுக்காக இத்தனை வருஷமா அதை மட்டும்தான் செஞ்சேனா?

அதையும் பொறுத்துக்கொண்டேன் ஐயா. பொறுக்க முடியாதது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஆட்சியைப் பிடித்த ராணுவம் எழுதுகிறவர்கள் வீடுகளையெல்லாம் சோதனை போட்ட நாள் அது. "சிப்பாய்கள் வந்தபோது என்னைத் தவிர வீட்டில் யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறாள். யாரும் இல்லையா? அப்போ நான் யாரு? அவளுடைய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, அதன்மேல் உட்கார்ந்து, வயிற்றுவலி என்று முனகிக்கொண்டிருந்தது பூனையா? ஒரு சிப்பாய் என்னை எழுந்திருக்கச் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "தம்பி, சட்டையில பித்தான் தொங்குதே, கழட்டிக் குடுங்க, தெச்சுத் தரேன்" என்றேன். கழற்றிக் கொடுத்துவிட்டான்! உட்கார்ந்தபடியே தைத்துக் கொடுத்தேன்; என்னை எழுப்ப வந்ததையே மறந்து, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பித்தானுக்காவது ஒரு வரி உண்டா?

புத்தகம் வந்ததிலிருந்து வெளியே தலைகாட்ட முடியவில்லை. முடிதிருத்துகிறவர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "ஏண்ணே, அன்னைக்கு அண்ணியைத் தனியா விட்டுட்டு எங்க ஓடினீங்க?" என்கிறார். கத்தி கழுத்தில் இருக்கும்போது என்னத்தைச் சொல்வது? பாதிச் சவரத்தோடு நேரே புத்தகக் கடைக்குப் போய், ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் "தையல்காரர் இருந்தார்" என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். கடைக்காரர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். கிறுக்கின புத்தகத்தையெல்லாம் காசு வாங்கிக்கொண்டு என் தலையிலேயே கட்டிவிட்டார்; எல்லாம் இப்போது என் தையல் மிஷினுக்கு அடியில்தான் கிடக்கிறது. ஆகவே அடுத்த பதிப்பில், நான் இருந்தேன் என்று தாங்களே திருத்திப் போட வேண்டும். அவளிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தங்கள் அச்சு இயந்திரம் தடங்கலின்றி ஓடட்டும், மை வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருந்தவன்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் அவள் இதைப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "ஏங்க, அன்னைக்கு அந்தச் சிப்பாய்ங்க படியிறங்கினதுமே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஒளிச்சு வெச்சது தெரிஞ்சா என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, நான் வீட்ல இருந்தேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னு சத்தியம் வாங்கினது யாரு? அதை நீங்க இன்னும் வாபஸ் வாங்கலையே" என்றாள். ஐயோ, நான் மறந்தே போயிருந்தேன். எத்தனையோ ஆட்சி மாறிவிட்டது, இவள் மாறவில்லை. ஆகவே ஐயா, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். "யாரும் இல்லை" என்பதை மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில் போட முடியுமா?