வெந்நீர்க் கறியும் பெருநகர் மச்சானும்

தண்ணீரைக் கொதிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே கடவுள் ஒரு மனிதரைப் படைத்திருந்தால், அவரைச் சரியாக உத்திரமேரூரில், நான் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில்தான் கொண்டுவந்து வைத்தார். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. 'வெந்நீர்' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடும். நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு அவர் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்தேன். அவர் சமையல் கற்றுக்கொண்ட காலம் முழுவதும் அதே வீட்டில் இருந்து உயிரோடு வெளியே வந்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

அவர் தொழில் காயில் கட்டுவது, அதாவது கருகிய மோட்டாருக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றுவது. வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் புகைந்துபோனால் விவசாயிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த அவருடைய பட்டறைக்குத்தான். வருகிற மோட்டார் எல்லாம் சூட்டில் கருகியவை. வருஷக்கணக்காகக் கருகல் வாடையையே மோந்துகொண்டிருந்த மனுஷனுக்கு, உலகத்தில் நடக்கிற அத்தனை கெடுதலுக்கும் சூடுதான் காரணம் என்று தோன்றிவிட்டது. காபியை ஆறவைத்துத்தான் குடிப்பார். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது மாடிக்கு வந்து, புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, "லோடு ஜாஸ்தி சார். ரெண்டு நாளு ஆஃப் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கொள்கை அவருடைய குடும்பத்தில் ஒரு பல்லைக் காவு வாங்கியிருந்தது. நான் குடிவருவதற்கு முன்னால் நடந்த கதை. அவர் மனைவி மல்லிகாம்மா சொல்லிச் சொல்லி எனக்கு நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. விருந்தில் முதல் இலை தாய்மாமனுக்கு, அதாவது மல்லிகாம்மாவின் அண்ணனுக்கு. அவர் பக்கத்தில் இருக்கும் பெருநகர் என்ற கிராமத்தில் நெல் விவசாயம் செய்கிறவர். மீசையும் ரோஷமும் சம அளவில் வளர்ந்தவர். சமையல்காரர் எதற்கோ அந்தப் பக்கம் நகர்ந்த நேரத்தில் நம் ஆள் கறி அடுப்பைப் பார்த்திருக்கிறார். விறகு திகுதிகுவென்று எரிந்ததை அவரால் தாங்க முடியவில்லை. "கறி காயிலு மாரி கருவிடப் போவுது" என்று பாதி விறகை உருவி வெளியே போட்டுவிட்டார். அரை வேக்காட்டுக் கிடாக்கறி இலைக்கு வந்தது. மாமன் ஆசையாக ஒரு கடி கடித்தார். கறி அப்படியே இருந்தது, முன்பல் கையோடு வந்துவிட்டது.

அவ்வளவு பேர் நடுவில் மச்சான் பாதி இலையில் எழுந்தார். கைகூடக் கழுவாமல் பஸ் ஏறினார். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கலுக்கு அண்ணன் சீர் வராமல் மல்லிகாம்மா அழுதுகொண்டே பொங்கல் வைத்த வருஷங்களை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த நிலைமையில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் இல்லாமல் எப்படி மணமேடை ஏறுவது? மல்லிகாம்மா தனியாகப் பெருநகருக்குப் போய் அண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டு வந்தார். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதை அந்த அம்மா வாசலில் நின்றே, அண்ணன் குரலிலேயே சொல்லிக் காட்டினார்:

"வரேன். ஆனா அதே வூட்ல அதே ஆட்டுக்கறி போடணும். துண்டு துண்டா இருக்கணும். கொழகொழன்னு கூழாக்கிப் போட்டு என்னைக் கெயவனாக்கற வேலையெல்லாம் வேணாம். என் வாயில மிச்சம் கீற பல்லாலயே நான் அதைக் கடிச்சித் தின்னணும். தின்னுட்டேன்னா சீரோட வரேன். இல்லன்னா உம் பொண்ணுக்கு மாமனே இல்லன்னு நெனச்சிக்கோ."

சொல்லி முடித்துவிட்டு புருஷனைப் பார்த்தார். "வெந்நீரு வைக்கக்கூடத் தெரியாத ஆளைக் கட்டிக்கினு நான் இன்னா பண்ணுவேன்!"

நம் ஆளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் மகள் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரர் கறித் துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றில்லாமல் மூடி, வெதுவெதுப்புக்கு ஒரு படி மேலான தண்ணீரில் அமுக்கிவைத்தார். தண்ணீரின் சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஒரு பகலும் ஒரு இரவும் அப்படியே கிடக்க வேண்டும். எடுத்துச் சட்டென்று சூடான கல்லில் புரட்டினால் முத்தல் கறிகூடத் துண்டு குலையாமல் மெத்தென்று இருக்கும். 'சூ வீட்' என்று பெயர், பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது.

"இரு இரு. தண்ணி கொதிக்கவே கூடாதா?" என்றார் நம் ஆள்.

"கூடாதுப்பா."

"கொதிச்சா?"

"கறி கெட்டுப்பூடும்."

மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். அன்று மாலை மாடிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இத்தினி வயசுக்கு எனக்குன்னு ஒரு சமையலு கண்டுபுடிச்சி வெச்சிக்கிறான் சார் எவனோ ஒரு மகராசன்!"

அதற்கென்று ஒரு மின்சாரக் கருவி விற்கிறது. வாங்குவாரா? மோட்டார்காரருக்கு அது மானப் பிரச்சினை. குளிக்கிற தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் ராடு, பழைய ஏர்கூலரிலிருந்து கழற்றிய குட்டி பம்பு, சூட்டை நிறுத்தி வைக்க ஒரு தெர்மோஸ்டாட், பரணில் இருந்த அண்டா, அதைச் சுற்றிக் கட்ட ஈரமில்லாத கோணி. எல்லாம் சேர்ந்து கூடத்தில் உட்கார்ந்தது. ஒத்திகைக்கு முட்டையில் ஆரம்பித்தார். சாயங்காலம் போட்டு மறுநாள் காலை எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, பெருமையாக ஒரு முட்டையை உடைத்தார். அது பச்சையாகத் தட்டில் ஓடியது. அடுத்ததும் ஓடியது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்த தெர்மோஸ்டாட், மூடிப்போன ஒரு கோழிப் பண்ணையின் குஞ்சு பொரிக்கும் பெட்டியிலிருந்து கழற்றி வந்தது. சூட்டை ஏற்றும் திருகாணியைத் திருப்ப மறந்துவிட்டார்.

"சமைக்கலைய்யா நீ, அடை வெச்சிக்கிற" என்றார் மல்லிகாம்மா. "இன்னும் கொஞ்ச நாளு வுட்டிருந்தா கூடத்துல கோயிக்குஞ்சு ஓடியிருக்கும்."

அடுத்தது கோழிக்கறி. பைக்குள் காற்று இருந்ததால் அது தண்ணீருக்கு மேலேயே மிதந்தது. அதை அமுக்க, பட்டறையிலிருந்து மோட்டாருக்குள் சுழலும் கனத்த இரும்பு ரோட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேலே வைத்தார். பை கிழிந்தது. அண்டா முழுக்கக் கிரீஸ் மணக்கும் கோழி சூப். கொட்டின இடத்தை நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனது.

அதற்கப்புறம் எங்கேயோ பார்த்து ஒரு வித்தை பிடித்தார். பையின் வாயை மூடாமல் மெதுவாகத் தண்ணீரில் இறக்கினால், தண்ணீரே பையை நாலு பக்கமும் நெருக்கிக் காற்றை வெளியே தள்ளிவிடும். வாய் மட்டும் வெளியே இருக்கும்போது ஜிப்பை இழுத்து மூட வேண்டியதுதான். இதைக் கண்ட நாளிலிருந்து அவர் கையில் அகப்பட்டதெல்லாம் பைக்குள் போனது. எலுமிச்சம்பழம், சோப்பு, என் டிவி ரிமோட். பட்டறைக்கு மோட்டார் கொண்டுவந்த விவசாயிகள் தண்ணீரில்லாத பயிரை நினைத்துக்கொண்டு தவிக்கையில், இவர் வாளியில் பை அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். 'வெந்நீர்' என்ற பட்டம் அந்த வாரம்தான் வந்தது. அவருக்கும் அதில் ஒரு பூரிப்புதான்.

பச்சைப் பூண்டை அரைத்துப் போட்டால் அந்தச் சூட்டில் பச்சை வாடை போகாது என்பதையும் நாங்கள் சாப்பிட்டுத்தான் கண்டுபிடித்தோம். மசாலாவை முதலில் வதக்கி ஆறவைத்துப் போட ஆரம்பித்தார். ருசி வந்தது. ஆனால் பையிலிருந்து எடுத்த கறி வெளுத்துப்போய்க் கிடந்தது. கடைசியாகக் கல்லில் புரட்ட வேண்டும். அந்த வீட்டில் இரும்புக் கல் என்று இருந்தது ஒன்றே ஒன்று, மல்லிகாம்மாவின் தோசைக்கல். அதில் கறி பட்டால் அப்புறம் தோசை எழும்பாது என்பது எந்த வீட்டிலும் சட்டம். "கல்லு மேல கைய வெச்சே, நான் மன்சியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நம் ஆள் அலுமினியச் சட்டியில் புரட்டி, ஒட்டி, சுரண்டி, திட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்.

மச்சான் வருகிற நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு விடிவதற்கு முன்பே போய் முழுத் தொடையாக வாங்கினார். திங்கட்கிழமை மதியம் விருந்து. துண்டு போட்டு, மசாலாவில் ஊறவைத்து, மதியத்துக்கு மேல் பையில் இறக்கி, அறுபது சொச்சம் டிகிரியில் வைத்துவிட்டு, அண்டா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். திங்கட்கிழமை காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நான் படியிறங்குவதற்கும் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது.

அன்று எங்கள் தெருவுக்கு மெயின்டெனன்ஸ். மதியத்துக்கு மேல்தான் வரும். சுற்றுப்பட்டு வயல்களுக்கெல்லாம் த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று மனப்பாடமாகச் சொல்கிறவர், தன் தெருவில் கரண்ட் போகப்போவதை விசாரிக்கவில்லை. இன்வெர்ட்டர் ஒரு ஃபேனைத்தான் தாங்கும், ஹீட்டரைத் தாங்காது. அண்டாவை அடுப்பில் ஏற்றலாம் என்று நான் சொன்னதற்கு என்னை முறைத்தார். "அடியில கொதிச்சிடும் சார். பையி ஒட்டிக்கும். எல்லாம் பூடும்." தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. மல்லிகாம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்று நான் ஆபீஸுக்குப் போகவில்லை.

திடீரென்று அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து கத்தினார். "எம்மா! யாரு வூட்ல அடுப்பு எரியுது? ஆளுக்கு ஒரு சொம்பு வெந்நீரு எடுத்தாங்க!"

எதிர்வீட்டிலிருந்து பதில் வந்தது. "இன்னாடி இது, வெந்நீருக்கே வெந்நீரா?"

சிரித்தாலும் வந்தார்கள். சொம்பு, குண்டான், பால் சட்டி, பிளாஸ்க் என்று தெருவே வந்தது. அண்டாவிலிருந்து ஆறினதை மொண்டு கொட்டுவது என் வேலை. நம் ஆள் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு கட்டளை போட்டார். "ஊத்து... ஊத்து... போதும்! ஐயே, ஜாஸ்தி ஆயிடுச்சி, ஒரு சொம்பு பச்சத்தண்ணி! யாருமா அது கொதிக்கக் கொதிக்கத் தூக்கியாறது? ஆத்திக்கினு வா!"

இந்த அமளியில் பெருநகர் மச்சான் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். தெருவே வெந்நீரோடு வீட்டுக்குள் ஓடுவதைப் பார்த்து வாசலில் திகைத்துப்போய் நின்றார். "யாருக்குப் பிரசவம்?"

மல்லிகாம்மாவுக்கு வரவேற்கவோ அழவோ நேரமில்லை. "அண்ணே, நிக்காத. இந்தச் சொம்பைப் புடி!"

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடந்த முதல் கொடுக்கல் வாங்கல் ஒரு சொம்பு வெந்நீர். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஊற்றினார். "மெதுவா மச்சான், ஒரு பக்கமா ஊத்து" என்று நம் ஆள் அதட்ட, "சர்தான் மாப்ள" என்று அவர் அடங்கிப்போனார். கரண்ட் வரும் வரைக்கும் மச்சான் சொம்பைக் கீழே வைக்கவில்லை. ரோஷம் எங்கே போனதென்று அவரும் தேடவில்லை.

பையைப் பிரித்தபோது நம் ஆள் அலுமினியச் சட்டியைத் தேடினார். மல்லிகாம்மா குறுக்கே வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். "தோசை எழும்பாதே" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எழும்பலன்னா உப்புமா தின்னுக்கறோம். எங்கண்ணனை வுட பெருசா?" என்றார் அவர். சுரீர் என்று ஒரு சத்தம். கறித் துண்டுகள் சிவந்து புரண்டன.

மச்சான் இலைமுன் உட்கார்ந்தார். சன்னலில் தெருப் பெண்களின் முகங்கள். அவர் ஒரு துண்டை எடுத்து, அந்தப் பல்லுக்கப்புறம் உதிர்ந்தவை போக மிச்சப் பற்கள் இருக்கிற இடது பக்கமாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். நம் ஆள் நெற்றியில் வியர்த்துக்கொண்டிருந்தது. மச்சான் மென்றார். இன்னும் மென்றார். கண் திறந்தார்.

"மாப்ள."

"சொல்லு மச்சான்."

"இன்னொரு துண்டு போடு."

தெருவில் விசில் பறந்தது. ஒரு துண்டு இரண்டாகி, மூன்றாகி, அப்புறம் எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம். கடைசியில் விரலைச் சப்பிவிட்டு, "கல்யாணத்துக்குக் கெடா நான் ஓட்டியாறேன். ஆனா அடுப்பாண்ட இந்த ஆளு வரக் கூடாது, அண்டாவாண்டதான் நிக்கணும்" என்றார். மல்லிகாம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இந்த முறை யாரும் தேற்றப் போகவில்லை.

கல்யாணத்தில் மச்சான் சீர்த்தட்டோடு மேளம் முன்னே வர, நடுத்தெருவில் நடந்து வந்தார். நம் ஆள் வாசலில் நின்று இரண்டு கையாலும் அவரைக் கட்டிக்கொண்டார். அப்புறம் எனக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் பஸ் ஏறிவிடுகிறேன். எங்கே கிளம்பியாச்சு என்று வீட்டில் கேட்டால், தொடைக்கறி சாப்பிட என்று சொல்லிவைப்பேன். உண்மையில், அந்த மனுஷனைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.