திரைக்குப் பின்னால் ஒரு தொண்டை

மாமியார் வந்து இறங்கி வெகுநேரம் ஆகியும் துப்பறிவாளர் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, சோபா நுனியில் உட்கார்ந்து, அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவருக்குத் தொண்டை கட்டிடுச்சும்மா. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள் மனைவி.

மாமியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மருமகன் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"உங்க கல்யாணத்துக்கு நான் வரலை. நடிகனாச்சேன்னு ரெண்டு பேரையும் வாசல்படி ஏற விடலை. தப்புத்தான். டி.வி.யில இந்தத் துப்பறியும் தொடர் வந்த பிறகுதான் மாப்பிள்ளை அருமை எனக்குப் புரிஞ்சுது."

அவர் சொன்னதில் மிகையில்லை. பழைய நாவல்களில் வந்த அந்தத் துப்பறிவாளராக எத்தனையோ பேர் நடித்துத் தோற்றிருக்கிறார்கள். இவர் நடித்த பிறகு, நாவலைப் படிக்கிறவர்களுக்குக்கூட இவர் முகம்தான் கண்ணில் வந்தது. இடது புருவத்தை அவர் மெல்லத் தூக்கினால் திருடன் தானாகவே விலங்குக்குக் கையை நீட்டிவிடுவான். பிறகு அடித்தொண்டையிலிருந்து உருண்டு வரும் அந்தக் குரல்!

அந்தக் குரல்தான் சிக்கல். அது அவருடையது இல்லை. அவர் சொந்தக் குரல் எண்ணெய் காணாத கதவு மாதிரி கிறீச்சிடும். டப்பிங் பேசுகிறவர் அடுத்த தெருவில் இருந்தார். ஒல்லி ஆசாமி. எல்லோரும் அவரை 'குரல்' என்றே கூப்பிடுவார்கள். தன் புகழில் பாதி இந்த ஒல்லி ஆசாமிக்குச் சொந்தம் என்ற நினைப்பு துப்பறிவாளரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா மறுபடி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா என்னால தாங்க முடியாது. அவங்க கிளம்புற வரைக்கும் மூச்சு விடாதீங்க" என்று மனைவி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மாமியார் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"என் சாமான் ஒண்ணைக் காணோம்! என்ன சாமான்னு சொல்ல மாட்டேன். சின்னதுதான், ஆனா ரொம்ப முக்கியம். வீட்டுலயே துப்பறிவாளர் இருக்கும்போது எனக்கென்ன கவலை? தொடர்ல வர்ற மாதிரி எல்லாரையும் நிக்க வெச்சு ஒரு மிரட்டு மிரட்டுங்க மாப்பிள்ளை!"

துப்பறிவாளர் சமையலறைக்குள் ஓடினார்.

"எனக்கு என்ன தெரியும்? கதையோட கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டுத்தானே நான் நடிக்கவே போவேன்!" என்று கிறீச்சிட்டார்.

"கத்தாதீங்க! குரலை வரச் சொல்லுங்க. கொல்லைப்பக்கமா வரட்டும்."

குரல் வந்தார். கூடத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் அவரை நிற்க வைத்தார்கள்.

"உதடு தெரியாம என்னால பேச முடியாது சார். தொழில் அப்படி" என்று முணுமுணுத்தார் குரல். "நீங்க என் பக்கமே பார்த்துப் பேசணும், திரை இடுக்கு வழியாப் பார்த்துக்கறேன்."

விசாரணை தொடங்கியது. தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கீழே வந்த மாடி வீட்டுக்காரரும் வரிசையில் மாட்டிக்கொண்டார். துப்பறிவாளர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து வாயசைத்தார்.

"குற்றவாளி இந்த அறையிலேயே இருக்கிறான்!" என்று வீடே அதிர்ந்தது.

"ஐயோ, உங்க குடையை நான்தான் சார் எடுத்தேன்!" என்று மாடி வீட்டுக்காரர் காலில் விழுந்தார். "மழை விட்டதும் குடுத்துடலாம்னுதான் இருந்தேன்!"

மாமியாருக்கு இது போதவில்லை. "முதுகை யார் பார்க்கிறது? முகத்தைக் காட்டுங்க மாப்பிள்ளை!"

வேறு வழியில்லாமல் துப்பறிவாளர் திரும்பினார். உதடு கண்ணில் படாததும் குரலுக்குக் குழப்பம் வந்துவிட்டது. துப்பறிவாளர் வாயசைக்கும்போது அறை நிசப்தமாக இருந்தது. பதற்றத்தில் இவர் தண்ணீர் குடிக்கும்போது, "என்னிடமிருந்து யாரும் தப்ப முடியாது!" என்று திரை முழங்கியது. மாடி வீட்டுக்காரர் தம்ளரையும் துப்பறிவாளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எட்டிப் பார்க்கலாம் என்று குரல் திரையைப் பிடித்து இழுத்தார். வருஷக்கணக்காகத் தட்டாத தூசி. அவர் போட்ட தும்மலில் திரை, கம்பி, குரல் மூன்றும் ஒன்றாக வந்து கூடத்தில் விழுந்தன.

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். துப்பறிவாளர் மப்ளரை அவிழ்த்துப் போட்டார். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"அத்தை, அந்தக் குரல் என்னுது இல்ல" என்றார் தன் கதவுக் குரலில். "இவரோடது. நான் பாதி ஆள்தான். பொய் சொல்லி உங்களை ஏமாத்திட்டோம். உங்க மக மேல கோவப்படாதீங்க, அவ பாவம். என்ன சொல்றதா இருந்தாலும் என்னைச் சொல்லுங்க."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. புருவம் தானாக மேலே ஏறி நின்றது.

மாமியார் எழுந்து வந்தார். மனைவி தடுக்கப் போனாள். அவரோ மருமகன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார்.

"அடடா! நேர்ல பார்க்கறப்போ இன்னும் நல்லா இருக்கு. இந்தப் புருவத்துக்காக என் மகளை எத்தனை தடவை வேணும்னாலும் கட்டிக் குடுப்பேன்!"

தரையில் கிடந்த குரலைக் காட்டி, "இவர் யாரு, திரை மாட்ட வந்தவரா?" என்று கேட்டார்.

யாராவது பதில் சொல்வதற்குள் வாசலில் அழைப்பு மணி அடித்தது. மாமியாரை அழைத்து வந்த கார் டிரைவர் உள்ளங்கையில் எதையோ பொத்தியபடி நின்றார்.

"அம்மாவோட காது மெஷின் சார், வண்டியில தூங்கறப்போ கழட்டி வெச்சாங்க. இது இல்லாட்டி இடி விழுந்தாலும் கேக்காதாம். ஆனா உங்க தொடர் பார்க்கறப்போ மட்டும் வேணும்னே கழட்டிடுவாங்களாம், 'மாப்பிள்ளை முகமே எல்லாத்தையும் சொல்லிடுது, நடுவுல அந்தக் கரடுமுரடுக் குரல் எதுக்கு'ன்னு!"